வேடர் வளர்த்த பிள்ளை

கொள்ளையடிப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்க முடியுமா என்பது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. இன்று அது மிக வெளிப்படையாக எழும் இடம் ஒரு விளையாட்டு மேசை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தில் நாலைந்து பேர் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ ஒவ்வொரு வேடம் ஏற்கிறார்கள். வெற்றியும் தோல்வியும் பகடையில் விழுகின்றன. வீரர்கள் எதிர்த்துப் போரிட யாராவது வேண்டும். அதற்காகவே படைக்கப்பட்டவை ஓர்க் முதலிய போர்வெறி இனங்கள். அவை குகைகளில் கூட்டமாக வாழும். இரவில் இறங்கி ஊரைச் சூறையாடும். உழுவதோ நெய்வதோ அவற்றுக்குக் கிடையாது.

ஆட்டத்தின் விலங்கு நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் உடல் வலிமை, கவசம், ஆயுதம் ஆகியவற்றோடு அதன் ஒழுக்கமும் ஒரு வரியில் அச்சிடப்பட்டிருந்தது. 1977 நூலில் ஓர்க் இனம் ‘ஒழுங்குக்கு உட்பட்ட தீமை’ என்ற வகையில் இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைக் ‘கட்டற்ற தீமை’ என்று மாற்றியது. தீமையின் வகைதான் மாறியது; தீமை என்ற சொல் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு புலிக்குக் கோடுகள் இருப்பதுபோல ஓர் இனத்துக்குத் தீமை இருக்கும் என்ற எண்ணம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அந்த எண்ணம் உடையும் இடமும் ஆட்டத்துக்குள்ளேயே உண்டு. கைகாக்ஸ் எழுதி 1979-இல் வந்த ‘எல்லைக் கோட்டை’ என்ற கதைத் தொகுப்பில் வீரர்கள் குகைகளுக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஆயுதம் தாங்கியவர்கள் மட்டும் இல்லை. பெண்களும் குஞ்சு குளுவான்களும் இருக்கிறார்கள். தந்தைமார் வெட்டுண்டு கிடக்கையில் மூலையில் ஒண்டி நிற்கும் பிள்ளைகளை அறநெறி வழுவாத வீரன் என்ன செய்ய வேண்டும்? பிறவியிலேயே தீமை என்றால் அந்தப் பிள்ளையும் தீமைதான், கொல்வது அறமாகிவிடும். அப்படிச் செய்ய ஆட்டக்காரர்களில் பலருக்குக் கை வரவில்லை. அரை நூற்றாண்டாக அந்த மேசைகளில் நடந்துவரும் வாதம் இதுதான். இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவது தவறு. பிறவி, வினை, விடுதலை பற்றி எந்தச் சமயம் பேசினாலும் அந்த மூலையில் நிற்கும் பிள்ளைக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஓர்க் என்ற இனத்தை நவீன இலக்கியத்துக்குத் தந்த டோல்கீன் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார். அவர் கத்தோலிக்கர். தீமையால் எதையும் படைக்க முடியாது, படைக்கப்பட்டதைக் கெடுக்க மட்டுமே முடியும் என்பது அவர் நம்பிய சமயத்தின் கொள்கை. அப்படியானால் ஓர்க்குகள் வேறு எதிலிருந்தோ கெடுக்கப்பட்டவர்கள்; கெடுக்கப்பட்டது எதுவும் முற்றிலும் மீட்சியற்றதாக இருக்க முடியாது. ஆனால் அவர் கதையில் எந்த ஓர்க்கும் திருந்தவில்லை. அவர்களுடைய தோற்றம் பற்றி ஒரு விளக்கம் எழுதுவதும் அதை மாற்றுவதுமாகவே அவர் கடைசிவரை இருந்தார்.

தமிழ் மரபில் கொள்ளை முதலில் ஓர் இனத்தின் பெயராக வரவில்லை, ஒரு பூவின் பெயராக வந்தது. தொல்காப்பியம் புறத்திணைகளை வெட்சியில் தொடங்குகிறது. வெட்சிப் பூச்சூடி இரவில் சென்று பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருவது போரின் முதல் கட்டம். அதை யாரும் செய்யலாம். அரசன் ஏவியும் செய்வார்கள், ஏவாமலும் செய்வார்கள். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுகிறான். நேற்று வெட்சி சூடியவன் நாளை கரந்தை சூடலாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று ‘ஆகோள்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். அந்தப் பூசலில் விழுந்தவனுக்கு ஊரார் கல் நட்டு வழிபட்டார்கள்.

ஆனாலும் இனமாகப் பார்க்கும் பார்வையும் பழையதே. பாலை நிலத்து எயினர் வழிப்பறியால் வாழ்பவர்கள் என்பது சங்கப் பாடல்களிலேயே வழங்கும் படிமம். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் அந்தப் பார்வை உள்ளிருந்து பேசுகிறது. தெய்வம் ஏறிய சாலினி எயினரைக் கடிந்துகொள்கிறாள். அயலூர்களில் ஆநிரை பெருகிக் கிடக்கிறது, எயினர் மன்றம் பாழாகிவிட்டது, மறக்குடியில் பிறந்தவர்கள் அறக்குடியினர்போல அடங்கிவிட்டார்கள் என்பது அவள் ஆற்றாமை. கொற்றவைக்குக் கொடுக்க வேண்டிய கடன் நின்றுபோயிற்று என்கிறாள். இளங்கோ காட்டும் இக்காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொள்ளை எயினரின் இயல்பாக இருந்திருந்தால் அதை யாரும் நினைவூட்ட வேண்டியிருந்திராது. அது தளர்ந்துபோகக்கூடிய ஒரு கடமை, ஒரு நேர்த்திக்கடன். தெய்வம் ஏறிய ஒருத்தி வந்து தூண்டினால்தான் அந்த வில் மீண்டும் வளைகிறது.

பிறவிப் பகைவர் என்று புராணங்கள் சொல்லும் இனம் அசுரர். அவர்களுள் மிகப் பெரிய கொள்ளையர் கதை கடலூர் மாவட்டத்தில் நிலைகொண்டிருக்கிறது. பண்ருட்டியை ஒட்டி, கெடிலக் கரையில் உள்ள திருவதிகை அட்ட வீரட்டானங்களில் ஒன்று. சிவபெருமான் முப்புரம் எரித்த தலம். தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்ற மூவருக்கும் பொன்னாலும் வெள்ளியாலும் இரும்பாலும் ஆன பறக்கும் கோட்டைகள் இருந்தன. நினைத்த இடத்தில் இறங்கி, கீழிருக்கும் ஊரை நசுக்கிவிட்டு எழும்பும் கோட்டைகள். மேசை விளையாட்டை எழுதியவர்கள் கண்டிருந்தால் விடாமல் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கதையைப் புராணங்கள் சொல்லும் முறையில் ஓர் இடறல் இருக்கிறது. முப்புரத்து அசுரர்கள் சிவபூசை தவறாதவர்கள். அதனாலேயே அவர்களை அழிக்க முடியவில்லை. ஆகவே திருமால் ஒரு பொய்ச் சமயத்தை உண்டாக்கி அனுப்பி, அவர்களைப் பூசையிலிருந்து விலக்குகிறார். விலகிய பிறகே அம்பு எய்யப்படுகிறது. எரிக்கப்படும் முன் அவர்கள் தீயவர்கள் ஆக்கப்பட வேண்டியிருந்தது. பிறவித் தீமை போதுமென்றால் இந்த நடுக்கட்டம் தேவையே இல்லை. மேலும், அந்தச் சமயத்தால் மயங்காத மூவர் தப்பினார்கள் என்று திருப்புன்கூர்ப் பதிகத்தில் சுந்தரர் சொல்கிறார். இருவர் கோயில் வாயிலுக்குக் காவலர் ஆனார்கள். ஒருவன் இறைவன் ஆடும்போது முழவு கொட்டும் பேறு பெற்றான். அசுர குலத்தில் பிறந்த ஒருவன் ஆடலுக்குத் தாளம் தருகிறான். தில்லையின் ஆட்டத்தை அறிந்தவர்கள் இதைச் சிறிய பதவியாக எண்ண மாட்டார்கள்.

திருமூலர் இதையும் தாண்டிப் போகிறார். இறைவன் மூன்று ஊர்களை எரித்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களை அவர் மூடர் என்கிறார். முப்புரம் என்பது மும்மலம். எரிந்தது அதுதான் என்பது அவர் கருத்து. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்றும் எல்லா உயிரிலும் உண்டு. இப்படிக் கொண்டால் அசுர இனம் வெளியே எங்கோ பறந்து திரியும் கூட்டமாக இல்லாமல் கேட்பவரின் உள்ளே வந்து அமர்கிறது.

இதைத் தத்துவமாகக் கட்டி எழுப்பியவர்களும் இதே மண்ணைச் சேர்ந்தவர்களாக இருந்தது வியப்புக்குரியது. சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் பிறந்த பெண்ணாடம், சிவஞானசித்தியார் தந்த அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூர், உமாபதி சிவாசாரியார் வாழ்ந்த சிதம்பரத்துக் கொற்றவன்குடி ஆகிய மூன்றும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள் அடங்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுவரை, கொள்ளிடத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு நிலப்பரப்பில் சைவ சித்தாந்தம் சாத்திர உருவம் பெற்றது.

சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களே உள்ள சிறு நூல். அதன் எட்டாம் சூத்திரம் ஓர் உவமையின் மேல் நிற்கிறது. அரசன் மகன் ஒருவன் குழந்தையிலேயே வேடர் கையில் சிக்கி, அவர்களிடையே வளர்ந்து, தன்னையும் வேடன் என்றே எண்ணிக்கொள்கிறான். வேட்டையும் வழிப்பறியும் அவனுக்கு இயல்பாகிவிடுகின்றன. ஒருநாள் தந்தையே வந்து, நீ இவர்களில் ஒருவன் அல்ல, என் பிள்ளை என்று உணர்த்துகிறான். உயிரும் அப்படித்தான் ஐம்புலன்களாகிய வேடரிடம் வளர்ந்து தன்னை மறந்திருக்கிறது. இறைவன் குருவாய் வந்து உணர்த்தும்போது அது அவர்களை விட்டு நீங்குகிறது.

மேசை விளையாட்டின் கேள்விக்கு இதைவிட நேரான விடை கிடைப்பது அரிது. கொள்ளையர் கூட்டத்தில் வளர்ந்த பிள்ளை கொள்ளையனாகத்தான் இருப்பான். ஆனால் அவன் இருப்பது வேறு, அவன் ஆகியிருப்பது வேறு. சித்தாந்தம் இதற்கு வைத்திருக்கும் சொல் சார்பு. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். இதைப் பளிங்கின் உவமையால் விளக்குவார்கள். செம்பருத்தியின் அருகில் வைத்தால் பளிங்கு சிவக்கும். அந்தச் சிவப்பு பளிங்கினுடையது ஆகாது. பூவை எடுத்தால் அது போய்விடும். ஆணவம் மட்டும் செம்பில் களிம்புபோல அனாதியாகவே உயிரைப் பற்றியிருப்பது. அப்போதும் களிம்பு வேறு, செம்பு வேறு. களிம்பு நீங்கிய செம்பு பொன்னாகும் வரை போகிறது அந்த உவமை. சித்தாந்தத்தின் கணக்கில் நிரந்தரமாகத் தள்ளிவைக்கப்பட்ட உயிர் என்று ஒன்று இல்லை.

எல்லாத் தத்துவங்களும் இப்படிச் சொல்லவில்லை. அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் உடுப்பியில் வாழ்ந்த மத்வர் உயிர்களை மூவகையாகப் பிரித்தார். வீடுபேற்றுக்கு உரியவை, என்றும் பிறவிச் சுழலில் இருப்பவை, இருளுக்கே உரியவை. மூன்றாம் வகையின் இயல்பு மாறவே மாறாது. தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது ஒரு தெளிவான விடை. அந்த உயிர்களின் தன்மையே அது என்று சொல்லி இறைவனைப் பழியிலிருந்து காக்கிறது. ஆனால் அந்தத் தெளிவுக்காகக் கொடுக்கப்படும் விலை மிகப் பெரியது. விலங்கு நூலில் அச்சிட்ட ஒழுக்க வரிக்கும் இதற்கும் இடைவெளி அதிகம் இல்லை.

மெய்கண்டாரின் உவமையிலும் ஒரு குறை தெரிகிறது. மீட்கப்படுபவன் பிறப்பால் அரசகுமாரன். அவனை வளர்த்த வேடர்கள் என்ன ஆனார்கள்? அவன் போன பின்பும் அவர்கள் வேடர்களாகவே காட்டில் இருக்கிறார்கள். உவமையில் அவர்கள் ஐம்புலன்கள், அதாவது சடப்பொருள்கள். உயிரற்றவற்றுக்கு மீட்சி தேவையில்லை. உவமேயத்தில் இது சரியாகப் பொருந்துகிறது. உவமானத்தையே ஒரு கதையாகக் கேட்கும் காதுக்கு மட்டும் ஏதோ நெருடுகிறது: பிறப்பால் வேடனான ஒருவனுக்கு யார் வந்து என்ன உணர்த்துவார்கள்?

அந்தக் கேள்விக்கு விடை மெய்கண்டாருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தில்லையில் சொல்லப்பட்டுவிட்டது. அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சிதம்பரம் கோயில் ஆயிரக்கால் மண்டபத்தில் சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அம்பலவன் எடுத்துக்கொடுத்ததாகச் சொல்லப்படும் முதற்சொல் உலகம் முழுவதையும் குறிக்கும் சொல். அந்த நூலில் கண்ணப்பர் வருகிறார். அவர் அரசகுமாரன் அல்லர். உடுப்பூர் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணன்.

உடுப்பூரைச் சேக்கிழார் அழகுபடுத்தவில்லை. நாய்கள் கட்டிய மரங்களும், வலைகளும், கவர்ந்துவந்த ஆநிரையும், அச்சம் என்பதையே அறியாத கொடிய மனிதர்களுமாக அந்த ஊர் விரிகிறது. இன்றைய விலங்கு நூல் ஒன்றில் வைத்தால் பொருந்திவிடும் வர்ணனை. நாகனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் ஒரு காரணம் சேர்க்கிறார். அவன் முன்பு தவம் செய்தவன்தான். ஆனால் வந்து பிறந்த பிறப்பின் சார்பினால் குற்றத்தையே குணமாகக் கொண்டு வாழ்ந்தான். சார்பு என்ற அந்தச் சொல் இங்கேயே வந்துவிடுகிறது. கொடுமை நாகனின் உயிருக்கு உரியது அல்ல, அவன் விழுந்த இடத்துக்கு உரியது. இந்த ஓர் அடிக்காகவே சேக்கிழாரைத் தத்துவ ஆசிரியர் வரிசையில் வைக்கலாம்.

திண்ணன் காளத்தி மலையில் குடுமித்தேவரைக் கண்டபோது யாரும் வந்து நீ வேடன் அல்ல என்று சொல்லவில்லை. அவன் வேடனாகவே அன்பு செய்கிறான். வாயில் நீர் கொண்டு வந்து உமிழ்கிறான், தான் சுவைத்துப் பார்த்த ஊனைப் படைக்கிறான், இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நிற்கிறான். கடைசியில் கண்ணைத் தோண்டுவதற்கு எடுப்பதும் வேட்டை அம்பைத்தான். கொள்ளைக் குடியில் கற்ற ஒவ்வொரு பழக்கமும் வழிபாடாகத் திரும்புகிறது. ஒன்றைக்கூட அவன் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆகம முறைப்படி பூசை செய்த சிவகோசரியாருக்கு இறைவன் கனவில் தோன்றி, அந்த வேடனின் வடிவம் முழுவதும் தன்மேல் வைத்த அன்பே என்று உணர்த்துகிறான். திருத்தம் நிகழ்ந்தது பார்ப்பவரின் அறிவில்.

வைணவம் இதே இடத்துக்கு இன்னொரு வழியில் வந்தது. திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்த குறுநிலத் தலைவர். அடியார்க்கு அமுது செய்விக்கப் பொருள் தீர்ந்தபோது வழிமறிக்கத் தொடங்கினார். மணக்கோலத்தில் வந்த திருமாலையே மறித்தபோது மந்திர உபதேசம் பெற்றார் என்பது வரலாறு. கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்தையும் தில்லைத் திருச்சித்திரகூடத்தையும் அடுத்தடுத்த பதிகங்களில் அவர் பாடியிருக்கிறார். அந்த வழிப்பறியை வைணவர் மறைக்கவில்லை. வேடுபறி என்று பெயர் சூட்டி ஆண்டுதோறும் கோயில்களில் விழாவாக நடத்துகிறார்கள்; குதிரை வாகனத்தில் பெருமாள் வர, ஆழ்வார் பாய்ந்து வந்து மறிக்கிறார்.

கொள்கை இவ்வளவு விரிந்திருந்தும் ஊர் அதன்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்தாந்தத்தின் ஒரு கதவு பிறப்பை உயிரின் இயல்பிலிருந்து பிரித்தது. இன்னொரு கதவு, இந்தப் பிறப்பு முன்வினையின் பயன் என்று சொல்லி, பிறப்பை நியாயப்படுத்தவும் இடம் கொடுத்தது. திருநாளைப்போவார் வரலாற்றில் அந்த இரண்டும் மோதுகின்றன. அன்பில் குறைவில்லாத அவர், பிறப்பால் விலக்கப்பட்டவர் என்பதால், தில்லை எல்லையில் நின்று தவிக்கிறார். தென்வாயிலில் தீ மூட்டி, அதில் மூழ்கி, வேறு வடிவத்தில் எழுந்த பின்பே உள்ளே போகிறார். கண்ணப்பருக்கு வேண்டியிராத தீ அவருக்கு ஏன் வேண்டியிருந்தது என்று கேட்டால், காளத்தி காட்டில் இருந்தது, தில்லை ஊருக்குள் இருந்தது என்பதைத் தவிர வேறு விடை தென்படவில்லை.

உமாபதி சிவாசாரியாரைப் பற்றி வழங்கும் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. தில்லைவாழ் அந்தணர் குலத்தில் பிறந்த அவர் மறைஞானசம்பந்தரைக் குருவாக ஏற்றதால் விலக்கி வைக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். மடத்துக்கு விறகு கொண்டுவந்து போட்டவர் பெற்றான் சாம்பான். அவருக்குத் தீக்கை அளிக்கும்படி அம்பலவன் சீட்டு எழுதி அனுப்பினான். உமாபதி அப்படியே செய்ய, சாம்பான் ஒளியில் கலந்தார். நம்பாத மன்னனுக்காக ஒரு முள்ளிச் செடிக்கும் முத்தி கொடுத்துக் காட்டினார் என்று கதை முடிகிறது. செடிக்கே வழி உண்டென்றால் எந்தக் குடிக்கு வழி மூடியிருக்கும்? 1313-இல் ‘சங்கற்ப நிராகரணம்’ எழுதிப் பிற கொள்கைகளோடு வாதிட்ட அறிஞரின் பெயரோடு இந்தக் கதை ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இனி, இந்த ஊர்களில் உண்மையாகவே நடந்த சூறையைப் பார்க்கலாம். திருவயிந்திரபுரம் கோயிலில் மூன்றாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1231-ஐ ஒட்டிய நிகழ்ச்சிகளை அது சொல்கிறது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான், தன் படையை ஏவி நாட்டை அழித்தான், கோயில்களும் அழிந்தன. செய்தி கேட்ட போசள மன்னன் நரசிம்மன் படைத்தலைவர்களை அனுப்பினான். அவர்கள் வரும் வழியில் தில்லைப் பொன்னம்பலத்தானைக் கும்பிட்டார்கள். பிறகு கோப்பெருஞ்சிங்கன் ஊர்களை அழித்து, பயிரைக் கொளுத்தி, பெண்டிரைச் சிறைபிடித்துக் கொண்டு சேந்தமங்கலம்வரை போய்ச் சோழனை மீட்டார்கள். இது எதிரி எழுதிய குற்றச்சாட்டு அல்ல. மீட்டவர் பக்கமே பெருமையோடு பொறித்து வைத்த செய்தி.

இந்தக் கல்வெட்டில் கொள்ளையர் இனம் எது? காடவர் பல்லவர் வழி வந்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட அரசகுடி. கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தையும் மகனுமாக இருவர் ஆண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. தில்லைக் கோயிலில் கோபுரத் திருப்பணி செய்ததும் அதே குடிதான். போசளர் யாதவ வழி சொன்னவர்கள், அவர்களும் கும்பிட்டுவிட்டுத்தான் எரித்தார்கள். தீ வைத்த இரு பக்கத்துக்கும் மெய்க்கீர்த்தி இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கிறது. கெடிலக் கரையில் எரிந்த வயல்காரனின் கண்ணுக்கு இரண்டு படையும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவற்றுள் எதையும் பிறவிக் கொள்ளைக் கூட்டம் என்று எந்த நூலும் எழுதவில்லை. அந்தப் பெயர் எப்போதும் காட்டிலும் பாலையிலும் இருந்தவனுக்கே போயிற்று. கோபுரம் எழுப்ப வசதி இல்லாதவனுக்குப் போயிற்று.

அந்தப் பெயர் பின்னாளில் சட்டம் ஆகியது. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், சில சாதிகளையும் குடிகளையும் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்ய வழி செய்தது. சாதித் தொழில் தலைமுறையாக வருவதுபோலக் குற்றமும் வரும் என்பது அதை ஆதரித்த அதிகாரிகளின் வாதம். வினைக் கொள்கையையும் சாதியையும் அரைகுறையாகக் கேட்டறிந்து, அதில் தம் நாட்டு இனவியலையும் கலந்து அவர்கள் செய்த தத்துவம் அது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் அது பரவலாக நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யப்பட்டவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராகிக் கைரேகை வைக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் சுடப்பட்டு, பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் அஜீஸ் நகரில், பதிவு செய்யப்பட்ட குடும்பங்களைக் கொண்டு வந்து அடைத்துவைத்த குடியிருப்பு ஒன்று இருந்தது. மூலையில் நின்ற பிள்ளையின் கேள்விக்கு அந்தச் சட்டம் சொன்ன விடை, பிள்ளையின் பெயரையும் பேரேட்டில் எழுது என்பதே.

சென்னை மாகாணம் 1947-இலும், இந்திய ஒன்றியம் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அந்தச் சட்டத்தை நீக்கின. பேரேடு போனாலும் பழக்கம் போகவில்லை. 1993-இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தில் வாழ்ந்த குறவர் ஒருவர் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் செல்லப்பட்டுக் காவலில் இறந்தார். அவர் மனைவி உயர் நீதிமன்றம்வரை போனதும், பின்னர் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு அவருக்காக வாதாடியதும், காவலர்கள் தண்டிக்கப்பட்டதும், 2021-இல் ‘ஜெய் பீம்’ திரைப்படத்தின் வழியாகப் பலரும் அறிந்தவை. சந்தேகம் அந்த வீட்டுக்கு முதலில் வந்ததற்கு அந்தக் குடியின் பெயரே காரணமாக இருந்தது. பெண்ணாடத்துக்கும் முதனைக்கும் இடையில் அதிகத் தூரம் இல்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சாதிப் பெயரால் வேலை பிரிக்கும் பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது, அந்தப் பழைய பேரேட்டிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிப் பழக்கத்தால் குற்றவாளிகள் என்று வகைப்படுத்தும் மனப்போக்கையும் கண்டித்தது.

மேசை விளையாட்டும் மெல்ல இதே பக்கம் நகர்ந்திருக்கிறது. 1981-இல் அச்சான ஒரு விலங்கு நூலில் கித்யாங்கி என்ற கொள்ளையர் இனம் வந்தது. அவர்கள் ஒரு காலத்தில் வேறொரு கொடிய இனத்தின் அடிமைகள். கலகம் செய்து விடுபட்டு, ஆண்டவர்களிடம் கற்ற கொடுமையோடு திரிபவர்கள். கொள்ளைக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டதுமே அவர்கள் விலங்கு நிலையிலிருந்து மேலே வந்துவிட்டார்கள். 2020-இல் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம், ஓர்க் முதலியோரை இனம் முழுவதும் தீயவர்களாகக் காட்டிய முறையைத் திருத்தப்போவதாக அறிவித்தது. 2024 பதிப்பில் ஓர்க் ஆட்டக்காரர் தாமே ஏற்றுக்கொள்ளக்கூடிய வேடங்களில் ஒன்று. எதிரிகள் இல்லாமல் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுமே என்று வருந்தியவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; போர்க் கதைக்கு எதிரி வேண்டும். வேட்டுவ வரியும் திருவயிந்திரபுரக் கல்வெட்டும் காட்டுவதுபோல, எதிரியாக நிற்க ஒருவனுக்குப் பிறவித் தீமை தேவையில்லை. பசியோ நேர்த்திக்கடனோ அரசன் ஏவலோ பழைய அடிமைத்தனமோ போதும்.

திருவதிகைக் கதையில் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. தப்பிய மூவர் போக, மூன்று கோட்டைகளிலும் எரிந்துபோன மற்றவர்கள் யார்? அங்கேயும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அழித்தலையும் அருளாகவே காணும் சைவ மரபு, மறக்கருணை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. நோயாளியின் உடலை மருத்துவர் அறுப்பதுபோல, தண்டனை வழியாக வினை தீர்க்கப்படுகிறது என்பது விளக்கம். அறுப்பவன் இறைவன் என்றால் அந்த விளக்கம் நிற்கும். மனிதன் அதைக் கையில் எடுத்துக்கொண்டால் நிற்காது. வினையின் கணக்கை அறிந்தவன் அவன் அல்லன். திருமூலர் அந்த நெருப்பை ஊர்களின் மேலிருந்து எடுத்து மலங்களின் மேல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அவர் வழியில் போனால் எரிவது மலம். அப்போது கோட்டைக்குள் இருந்த உயிர்கள் எரிவதில்லை, அவை விடுபடுகின்றன.